எத்திராஜின் ஹெல்மெட் உறை

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க சார். ஆம்பூர் வந்துட்டாலே இந்த நாத்தம். எல்லாரும் ஆம்பூர்னா பிரியாணிங்கிறாங்க, எனக்கு மூக்குல ஏறுறது தோலை ஊற வச்ச தண்ணிதான். ரயில்ல இத்தனை பேர் உக்காந்திருக்காங்க, ஒருத்தருக்காவது அது தெரியுதா பாருங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் முட்டையை உரிச்சு, ஓட்டை சீட்டுக்கு அடியில தள்ளுறான். சே.

இதுவா? துணிதான் சார். மடியில வச்சிருக்கேன்னா காரணம் இருக்கு. பார்க்கலாம், ஆனா தொடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க இப்பதான் கடலை சாப்பிட்டீங்க. கையில எண்ணெய் இருக்கும்.

ராணுவ ஹெல்மெட் இருக்கில்ல, இரும்புத் தொப்பி, அதுக்கு மேல மாட்டுற உறை இது. வெயில்ல இரும்பு மினுங்கினா எதிரிக்குத் தெரிஞ்சுடும்னு துணியால மூடி வைப்பாங்க. நான் அதைத்தான் சேர்க்கிறேன். ஹெல்மெட் இல்லை, உறை மட்டும். ஹெல்மெட் சேர்க்கிறவன் ஊருக்கு நூறு பேர் இருப்பான். இரும்பைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? பெயின்ட் அடிச்சா புதுசு, சுரண்டினா பழசு. துணி அப்படி இல்லை. நூல், சாயம், ஓரத்துல படிஞ்ச வேர்வை, மடிப்புல இருக்கிற முத்திரை, எல்லாம் பேசும். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க மரீன் சிப்பாய்ங்க போட்ட உறை இருக்கு. முதல்ல வந்ததுல ஓட்டை இருக்காது. அடுத்து வந்ததுல இலை, குச்சியெல்லாம் சொருகி வைக்கச் சின்னச் சின்னதா ஓட்டை தைச்சிருப்பாங்க. அந்த ஓட்டையை வச்சே வருஷத்தைச் சொல்லிடலாம். நான் சொல்லுவேன். கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவியே சொல்லுவேன்.

என் பேர் குணசீலன். இன்சூரன்ஸ்ல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனேன். வேலை என்னன்னா, பொய் சொல்றவனைக் கண்டுபிடிக்கிறது. கடை எரிஞ்சுபோச்சும்பான், போய்ப் பார்த்தா சரக்கை முந்தின நாளே வெளியேத்தியிருப்பான். செத்த மாட்டோட காதை வெட்டி எடுத்துட்டு வந்து நாலு கம்பெனியில காட்டிப் பணம் கேட்டிருக்கான் ஒருத்தன். மோந்து பார்த்து, கிளறிப் பார்த்து, எனக்கு மனுஷங்க மேலேயே ஒரு குமட்டல் வந்துடுச்சு சார். துணி மேல வரல. துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

என் சம்சாரம் ஹேமலதா மட்டும் நான் இதையெல்லாம் வச்சிருக்கிற பீரோ ரூமுக்குள்ள வர மாட்டா. "செத்தவங்க தலையில இருந்ததையெல்லாம் கொண்டாந்து வீட்ல வச்சிருக்கீங்களே, உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"ன்னு கேப்பா. வேர்வைக் கறை இருந்தாத்தான் அதுக்கு மதிப்புன்னு சொன்னா அவளுக்குப் புரியாது.

இதோட கதையைக் கேளுங்க. யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க ஜோலார்பேட்டையில இறங்கிடுவீங்க. நாம மறுபடி பார்க்கப் போறதில்லை.

எங்க வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ராணுவத்துல ஆள் இருக்கும். போன வருஷம் எழுபத்தொண்ணு பாகிஸ்தான் யுத்தத்தோட ஞாபகமா, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல ஒரு கண்காட்சி வச்சாங்க. பழைய மெடல், போட்டோ, பெட்டி, பூட்ஸு, அவங்கவங்க வீட்ல இருக்கிறதைக் கொண்டாந்து வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. எது உண்மை, எது எந்த வருஷம்னு பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க. நானும் போனேன். ஐயோ, என்ன குப்பை! ஒருத்தன் பேரனோட என்.சி.சி. பெல்ட்டைக் கொண்டாந்து எங்க தாத்தா பர்மாவுல கட்டினதுங்கிறான். இன்னொருத்தன் சந்தையில வாங்கின தண்ணி பாட்டில். நான் ஒவ்வொண்ணா ஒதுக்கிட்டே வந்தேன்.

அப்பதான் இந்த அம்மா வந்தாங்க. பவுனம்மாள். கீழ்த்தாமல்பட்டுல இருந்து. எழுபது வயசுக்கு மேல. கூட அவங்க மக ஜெயபாரதி, அங்கன்வாடி டீச்சர். வெள்ளைத் துண்டு ஒண்ணுல, கோயில் பிரசாதம் மாதிரி இதைச் சுத்தி எடுத்துட்டு வந்திருந்தாங்க. பவுனம்மாள் வீட்டுக்காரர் எத்திராஜ், எழுபத்தொண்ணுல கிழக்குப் பக்கம் சண்டையில செத்துட்டார். உடம்பை அங்கேயே எரிச்சுட்டாங்களாம். ஊருக்கு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதுக்குள்ள இந்த உறை. அப்ப இந்த ஜெயபாரதி வயித்துல.

நான் வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சந்தேகம். என்ன சுத்தம்! சாயம் வெளுத்து, துணி பஞ்சு மாதிரி இருக்கு. யுத்தத்துல இருந்து வந்த துணியா இது? ஒரு கறை இல்லை, ஒரு வாசனை இல்லை. சோப்பு வாசனை வருது! என்கிட்ட ஒரு நீல டார்ச் இருக்கு சார். இப்போதைய நூல்லயும் துணியிலயும் ஒரு வெளுக்கிற மருந்து கலந்திருப்பாங்க, அந்த வெளிச்சம் பட்டா பளீர்னு எரியும். பழைய பருத்தி எரியாது, சும்மா மங்கலா கிடக்கும். ஹால்ல லைட்டை அணைக்கச் சொன்னேன். டார்ச்சை அடிச்சேன். எரிஞ்சுது பாருங்க! ஜவுளிக்கடை போர்டு மாதிரி எரிஞ்சுது. ஓரத்துத் தையல் தனியா கோடு போட்ட மாதிரி மின்னுது.

நான் சொல்லிட்டேன். "அம்மா, இது எழுபத்தொண்ணு இல்லை. துணியும் பிற்காலம், நூலும் பிற்காலம். டூப்ளிகேட்."

கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. அந்தம்மா என் டார்ச்சையே பார்த்துட்டு நின்னாங்க. "அது அவருதுதான் சார்"னு மட்டும் சொன்னாங்க. சத்தமே இல்லை.

"உங்களுக்கு அப்படித் தோணலாம். யாராவது மாத்திக் குடுத்திருப்பாங்க."

"யாரும் குடுக்கல சார். பெட்டியில வந்துச்சு."

"பெட்டியில வந்ததெல்லாம் உண்மையாயிடுமா?" இது நான். அதுல என்ன தப்பு? என் வேலை அது. சங்கத்துக்காரங்க அதை எடுத்து மேஜைக்கு அடியில, நான் ஒதுக்கின குப்பையோட வச்சிட்டாங்க. ஜெயபாரதி விசுக்குனு குனிஞ்சு அதை எடுத்து உதறி, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா. ஒரு நன்றி, ஒரு வணக்கம், ஒண்ணும் இல்லை.

இதோட விட்டிருந்தா பரவாயில்லை. மறுவாரமே ஜெயபாரதி வீட்டுக்கு வந்து நின்னா. உள்ள வான்னு சொன்னா வரல. கேட் கிட்ட நின்னே பேசுறா.

"எங்க அப்பாவை நான் பார்த்ததே இல்ல சார். எனக்குத் தெரிஞ்ச அப்பா அதுதான். பரீட்சைக்குப் போறப்ப அதைத் தொட்டுட்டுத்தான் போவேன். நீங்க அத்தனை பேர் எதிர்ல லைட் அடிச்சுப் பொய்னு சொல்லிட்டீங்க. ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா? ஆளு சாவவே இல்ல, வடக்கால எங்கனா குடும்பம் பண்ணிக்கினு இருப்பாருன்றாங்க."

"பென்ஷன் வருதில்ல? கவர்மென்ட்டே சொல்லியாச்சே. ஊர் பேசினா பேசிட்டுப் போகுது"ன்னேன்.

"ஊரு பேசறது வுடுங்க சார். எங்கம்மா பேசறது இல்ல இப்ப."

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க. உண்மையைத் தாங்கிக்க முடியாதவங்க எதுக்குக் கண்காட்சிக்கு வரணும்? எனக்கு வெறுத்துப்போச்சு. கேட்டைச் சாத்திட்டேன்.

பொங்கல் முடிஞ்சு அந்தம்மா தனியா வந்தாங்க. அதே வெள்ளைத் துண்டு. ஹேமலதா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, காபி குடுத்தா. காபியைக் கீழ வச்சுட்டு அந்தம்மா கேட்டாங்க.

"சார், அதுல இன்னா பொய்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. சண்டைக்கு வரல."

சரி, கேக்கிறாங்களேன்னு பொறுமையா விளக்கினேன். வெளுக்கிற மருந்து, அந்தக் காலத்து ராணுவத் துணியில அது கிடையாது, டார்ச்சுல எரியக் கூடாது, எல்லாம். அந்தம்மா கவனமா கேட்டுட்டு, "சோப்புப் பவுடர்ல அந்த மருந்து இருக்குமா சார்?"னாங்க.

"இருக்கும்."

"அப்ப நான்தான். நான்தான் துவைச்சேன்."

"துவைச்சீங்களா? எப்ப?"

"வருசா வருசம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்தம்மா பாட்டுக்குச் சொல்லிட்டே போறாங்க. "பெட்டி வந்தப்ப அதுல ரத்தம் இருந்துச்சு சார். முடி ஒட்டிக்கினு இருந்துச்சு. புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்ல இத வைக்கக் கூடாதுன்னு எங்க மாமியார் தூக்கிப் போடச் சொன்னாங்க. நான் குடுக்கல. கெணத்தாண்ட எடுத்துக்கினு போயி அலசினேன். தண்ணி செவப்பா போயிக்கினே இருந்துச்சு. அப்பால தீபாவளி வந்துச்சு. முந்தி ஒரே ஒரு தீபாவளி, தல தீபாவளி, எங்க ஊட்டுக்கு வந்தாரு. நான்தான் அவருக்குத் தலைக்கு எண்ணெ வச்சி, சீக்கா தேச்சி, தண்ணி ஊத்தினேன். கண்ணுல சீக்கா பட்டுச்சுன்னு கத்தினாரு. அந்த ஒரு தபாதான். அதான், தீபாவளிக்குத் தீபாவளி இதுக்கு ஊத்துவேன். மொதல்ல சீக்கா. அது கறை புடிக்குதுன்னு அப்பால சோப்புப் பவுடரு. ஓரம் கிழிஞ்சிச்சின்னு பாரதி தையல் மிசின் வாங்கினப்ப அவதான் மடிச்சி தச்சிக் குடுத்தா."

ஹேமலதா பக்கத்துல நின்னு முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டிருக்கா. எனக்கு என்ன வந்தது தெரியுமா? அருவருப்பு சார். ஒரு போர் வீரனோட ரத்தம், முடி, மண்ணு, அத்தனையும் இருந்த பீஸ்! உலகத்துல எந்த மியூசியமும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கும். அதைக் கிணத்தடியில போட்டுக் கும்மி, வருஷத்துக்கு ஒரு தரம்னு ஐம்பது தரம் கசக்கி, தரித்திரம் மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க. "என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு? அழிச்சிட்டீங்க"ன்னேன்.

அந்தம்மா எழுந்து நின்னாங்க. அப்புறம் துண்டைப் பிரிச்சு, இதை எடுத்து என் மேஜை மேல வச்சாங்க.

"நீங்களே வச்சிக்கோங்க சார்."

"எனக்கு எதுக்கு?"

"கையில எடுத்தா இப்ப அவரு மொகம் வர்ல. உங்க லைட்டுதான் வருது. இது அவருதா, இல்ல வேற யாரு துணிக்கோ தண்ணி ஊத்தினு இருந்தேனான்னு தோணிக்கினே இருக்கு. தூக்கிப் போடவும் மனசு வர்ல."

அவ்வளவுதான். துண்டை மட்டும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. காபியைக் குடிக்கவே இல்லை. ஹேமலதா ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. எல்லாருக்கும் நான்தான் ஆகாதவன்.

சரி, வந்ததை முறைப்படி பார்க்கணுமில்ல? ஒரு நாள் சாயங்காலம் அந்த ஓரத்துத் தையலைப் பிளேடால மெல்லப் பிரிச்சேன். மக தைச்சது மேல் தையல். அதுக்கு அடியில துணி ரெண்டா மடிஞ்சிருந்தது. மடிப்புக்குள்ள சாயம் அப்படியே இருக்கு சார், அடர்ந்த பச்சை! பழைய பருத்தி நூல். அதுக்குக் கீழ பாதி அழிஞ்ச முத்திரை, அறுபத்தொன்பதுன்னு வருஷம். ஒட்டிக்கிட்டு ஒரு சின்ன முடி கூட இருந்தது. சே. ஊதி விட்டேன். அசல் சார்! அசல் உருப்படி. அறுபத்தொன்பதுல தைச்சு, எழுபத்தொண்ணுல யுத்தத்துல இருந்து, பெட்டியில ஊர் வந்து சேர்ந்தது வரைக்கும் தெரியும். இப்படி ஒண்ணு என் வாழ்நாள்ல கிடைச்சதில்லை.

சொல்லலாம்னுதான் நினைச்சேன். கீழ்த்தாமல்பட்டு என்ன தூரம், ஒரு பஸ்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல சொன்னது நான். இப்ப நானே மாத்திச் சொன்னா, நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்? அதோட, சொன்னா வாங்கிட்டுப் போய் மறுபடி பக்கெட்டுல போட்டுடுவாங்க. என்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். பீரோவுல, காத்துப் புகாத கவர்ல வச்சேன். அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தேன்.

இந்தக் கார்த்திகை மாசம் ஜெயபாரதி போன் பண்ணா. அம்மா போயிட்டாங்கன்னு. சளி, காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்களாம். குரல் உடைஞ்சு போயிருந்தது.

"சார், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். அம்மா குடுத்தது இருக்குதா? இந்தத் தீபாவளிக்கு அம்மா பக்கெட்ல தண்ணி புடிச்சி வச்சிட்டு, பக்கத்துல உக்காந்தேதான் இருந்தாங்க. போயி வாங்கியாறேன்னு சொன்னேன். வேணான்னுட்டாங்க. அது பொய்யோ நெசமோ சார், அவங்களோட போவட்டும். தலைமாட்டுல வச்சி அனுப்பிடறேன்."

அனுப்பிடறேன்னா? எரிக்கப் போறா! அசலை! கொள்ளியில வச்சுக் கொளுத்தப் போறா! எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்தது. இந்த ஜனங்களுக்கு ஒரு பொருளோட அருமை எப்பதான் தெரியும்?

என்கிட்ட ஒரு போலி இருந்தது சார். மைசூர்க்காரன் ஒருத்தன், ஆரம்பத்துல என் தலையில கட்டினது. புதுத் துணியை டீத்தண்ணியில ஊற வச்சு, தோட்டத்துல புதைச்சு, மாட்டு மூத்திரம் ஊத்தி எடுப்பானுங்க. த்தூ. மனுஷங்களா அவனுங்க? அதுவும் பச்சைதான், அளவும் கிட்டத்தட்ட இதேதான். அதை ப்ளீச் போட்டு வெளுக்க வச்சு, சோப்புப் பவுடர்ல ஒரு அலசு அலசி, ஓரத்தை மக தைச்ச மாதிரியே மடிச்சுத் தைச்சுக் காய வச்சேன். அந்தப் போலியைத்தான் எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அவங்களுக்கு வேணுங்கிறது ஒரு துணி. சரித்திரத்துக்கு வேணுங்கிறது இது. ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்லை. நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

நானே மாலையோட போயிருந்தேன். மரியாதையாத்தான் போனேன். ஜெயபாரதி அதை வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டா. முகத்தை அதுலயே புதைச்சுக்கிட்டு நின்னா. மாட்டு மூத்திரத்துல ஊறினது சார் அது. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துடுச்சு. ஓரமா போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். காலையில வெறும் வயித்தோட கிளம்பினது, அதான்.

கொள்ளி வைக்கப் பையன் இல்லை. பங்காளி ஒருத்தன் வைக்கிறேன்னு வந்தான். "எங்கப்பாவுக்குத்தான் யார் வச்சாங்கன்னு தெரியாது. எங்கம்மாவுக்கு நான்தான் வைப்பேன்"னு ஜெயபாரதி சுடுகாட்டுக்கே வந்துட்டா. மத்தியான வெயில். அம்மா தலைமாட்டுல அந்த உறையை வச்சு, விறகு அடுக்கி, அவளே கொள்ளி வச்சா.

அவசரத்துல நான் ஒண்ணை யோசிக்கல. இந்தப் போலியெல்லாம் பாலியஸ்டர் கலந்த துணி. பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாப் போகும். இது அப்படிப் போகாது. நெருப்பு தலைமாட்டைத் தொட்டதும் அது சுருங்கிச்சு. பிளாஸ்டிக் மாதிரி உருகி, கரேல்னு புகை விட்டு, சொட்டுச் சொட்டா அந்தம்மா நெத்திப் பக்கம் வழியுது. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். டயர் எரிஞ்ச மாதிரி. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. பங்காளி சொல்றான், "இன்னாம்மா இது, பிளாஸ்டிக்கு! மிலிட்டிரிக்காரன் துணியா இது? அந்த சார் அப்பவே சொன்னாருல்ல."

ஜெயபாரதி அந்தப் புகையைப் பார்த்துட்டே நின்னா. அழல. அப்புறம் என்னைத் தேடிக்கிட்டு வந்தா. சண்டைக்குத்தான் வராள்னு நினைச்சு நான் ரெண்டடி பின்னால போனேன். கையெடுத்துக் கும்பிட்டா சார்.

"மன்னிச்சுக்கோங்க சார். அன்னைக்கி உங்க ஊட்டாண்ட வந்து கண்டபடி பேசிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. டூப்ளிகேட்டுதான். பாவம், எங்கம்மா. ஐம்பது வருசமா எவன் துணிக்கோ..."

கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

நான் என்னத்தைச் சொல்றது? அத்தனை பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. பரவாயில்லைம்மான்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். அன்னிலேர்ந்து எனக்குச் சாப்பாடு சரியா இறங்கல. எதை வாயில வச்சாலும் அந்தப் புகை. டாக்டர் கேஸ் டிரபிள்னு சொல்றார். மாத்திரை போடறேன்.

இனி வேலூர்ல இதை வெளியே எடுக்க முடியாது. யாராவது பார்த்துட்டா வம்பு. அதான் பெங்களூருக்குக் கொண்டு போறேன். அங்க சேகரிக்கிறவங்க கூட்டம் இருக்கு, எல்லாம் விவரம் தெரிஞ்ச ஆளுங்க. முத்திரையைப் பார்த்தா அசந்துடுவாங்க. நிம்மதி என்னன்னா சார், அவங்க யாரோடதுன்னு கேக்க மாட்டாங்க. எந்த வருஷம்னுதான் கேப்பாங்க.